நீலப் பட்டை

வாடகைக் கடைக்காரரின் மகள் ஒரு சிவப்பு ஸ்டூலின் மேல் கை வைத்து "என்னுது" என்று சொன்ன மதியத்திலிருந்து, அவளைத் தவிர வேறு யாராலும் அந்த ஸ்டூலைத் தரையிலிருந்து தூக்க முடியவில்லை. அவளுக்கு அப்போது இரண்டு வயது முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதே வாரம்தான் சர்க்கரை விலையும் ஏறியது. எங்கள் தெருவில் இரண்டு செய்தியையும் ஒரே குரலில்தான் பேசிக்கொண்டார்கள். சர்க்கரையைப் பற்றிய பேச்சுதான் கொஞ்சம் தூக்கல் என்றுகூடச் சொல்லலாம்.

ஸ்டூல் ஒன்றும் பெரிய சாமான் இல்லை. முழங்கால் உயரம், மட்டமான மரம், ஒரு கால் மற்றவற்றைவிடச் சற்றுக் குட்டை. பள்ளிக்கூட நாடகம் ஒன்றுக்கு நாற்காலிகளோடு சேர்த்து அதையும் கேட்டிருந்தார்கள். கடையில் சாமான் ஏற்றி இறக்குபவருக்குப் பயில்வான் என்று பெயர். ஆள் குச்சிபோல இருந்ததால் கேலிக்கு வைத்த பெயர் அது. ஆனால் இரும்பு பீரோவைத் தனியாளாக முதுகில் சுமந்து மாடி ஏறுகிறவர். அவர் போகிற போக்கில் ஸ்டூலை ஒரு கையால் எடுக்கப் பார்த்தார், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார், வரவில்லை. "யாருப்பா இதுக்கு ஆணி அடிச்சது?" என்று சத்தம் போட்டார். கடைக்காரர் வந்து முயன்றார். கடைசியில் கடப்பாரை வைத்து நெம்பியபோது கடப்பாரைதான் வளைந்தது. எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற நேரத்தில் அந்தப் பெண் உள்ளேயிருந்து வந்து, ஸ்டூலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாடிப்படி ஏறிப் போய்விட்டாள். நாடகத்தில் ராஜா நின்றுகொண்டே தீர்ப்பு சொன்னதாகக் கேள்வி.

அவளை வீட்டிலும் தெருவிலும் மிளகு என்று கூப்பிட்டார்கள். உருவம் அவ்வளவுதான், காரமும் அவ்வளவு. அவள் ஏன் அப்படி ஆனாள் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாலும், அந்த வீட்டுக்குள் போய் வந்தவர்களுக்கு ஆச்சரியம் இருந்திருக்காது. கீழே கடை, மேலே வீடு. கடையில் நாற்காலி, மேஜை, ஜமுக்காளம், மின்விசிறி, தண்ணீர் டிரம், ஏணி, மைக் செட்டு என்று எல்லாவற்றின் மேலும் கடைக்காரர் ஒரு நீலப் பட்டை அடித்து வைத்திருந்தார். வேறு கடைச் சாமானோடு கலந்துவிடாமல் இருக்க அது அடையாளம். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கெட்டிக்காரர், கஞ்சத்தனத்துக்கும் சிக்கனத்துக்கும் நடுவில் எங்கேயோ குடியிருந்தவர். விழாக்கள் நெருங்கும் மாதங்களில் கடைச் சாமான் போதாமல் போகும்போது வீட்டுச் சாமானையும் வண்டியில் ஏற்றிவிடுவார். அதனால் மாடியில் கட்டிலுக்கும் பட்டை, சாப்பாட்டு மேஜைக்கும் பட்டை, கண்ணாடிக்கும் பட்டை. தூங்கி எழுந்து பார்த்தால் கட்டில் போயிருக்கும், நாலு நாள் கழித்து யாரோ ஒருவருடைய எண்ணெய்த் தலை வாசனையோடு திரும்பி வரும். கடைக்காரரின் மனைவிக்கு இது பழகிப்போயிருந்தது. "எங்க வீட்ல எதுவும் எங்களுது இல்ல, எல்லாம் கடையுது" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். மிளகு நடக்கக் கற்றதற்கு மறுநாள் அவளுடைய தொட்டில் ஒரு துணிக்கடைத் திறப்புவிழாவுக்கு அலங்காரமாகப் போனது. அது திரும்பி வருவதற்குள் அவள் தொட்டில் வயதைத் தாண்டிவிட்டாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவே இல்லை.

அந்த வீட்டில் பட்டை அடிக்காத சாமான் ஒரே இடத்தில்தான் இருந்தது. கடைக்காரர் உட்காரும் இடத்துக்குப் பின்னால் ஒரு மர அலமாரி. தெரியாத ஆட்கள் சாமான் எடுக்க வந்தால் அவர் இரண்டே கேள்விதான் கேட்பார். எப்போது திருப்பித் தருவீர்கள், எதை வைத்துவிட்டுப் போகிறீர்கள். பணத்தை ஈடாக வாங்க மாட்டார். பணத்தை யாரும் நினைத்துக்கொண்டே இருப்பதில்லை, சாமானைத்தான் நினைப்பார்கள் என்பது அவருடைய கட்சி. குடை, கைக்கடிகாரம், புல்லாங்குழல், மூக்குக்கண்ணாடி என்று எதையாவது வைத்துவிட்டுப் போவார்கள். தண்ணீர் டிரம்முக்குச் சீப்பை நீட்டிய ஒருவரை, சாமானுக்கு ஏற்ற ஈடாக இருக்க வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஈட்டை வாங்கி அலமாரியில் வைக்கும்போது அதை ஒருமுறை தட்டிக்கொடுத்து, "இது இங்கயே இருக்கட்டும்" என்பார். அதன் பிறகு அதை அவரும் தொட மாட்டார், மற்றவர்களையும் தொட விட மாட்டார். ஏணி எடுத்துப்போய்த் திரும்பியே வராத ஒருவருடைய ஒற்றை ஷூ வருஷக்கணக்கில் அங்கே தூசி படியாமல் இருந்தது. மிளகு ஒரு நாள் எட்டிக் குடையை எடுத்தபோது கையிலேயே ஒன்று போட்டார். வாழ்க்கையில் அவர் அவளை அடித்தது அந்த ஒரு தடவைதான். "அது அவங்களோடது. தொடக் கூடாது." குழந்தை அழவில்லை. கட்டிலும் தொட்டிலும் கேட்பாரில்லாமல் வண்டியேறும் வீட்டில், ஒருத்தருடையது என்று ஒன்று இருக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள். அலமாரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாளாம். சிவப்பு ஸ்டூல் அதற்கு அடுத்த வாரம்.

ஸ்டூலோடு நிற்கவில்லை. முதலில் கையில் பிடித்திருந்ததெல்லாம் அவளுடையதாயிற்று. குளியலறைச் சொம்பு அப்படித்தான் போனது. பெரியவர்கள் பாத்திர மூடியால் தண்ணீர் மொண்டு குளித்தார்கள். பிறகு முதலில் கண்ணில் பட்டது எதுவோ அது. துடைப்பம் போயிற்று, மூன்று வயதுகூட ஆகாத குழந்தை பெருக்குகிற அளவுக்குத்தான் வீடு சுத்தமாக இருந்தது. அப்புறம் தான் செய்தது எதுவோ அது. ஜமுக்காளத்தில் வண்ணத்தைக் கொட்டி ஒரு பூனை வரைந்தாள். பூனை அவளுடையது, ஆகவே ஜமுக்காளமும் அவளுடையது. மைக் ஒன்றைக் கடையின் நடுவில் போட்டு "என்னுது" என்றுவிட்டாள். அதை வாடகைக்குப் பேசியிருந்த சங்கத் தலைவர் வேறு வழியில்லாமல் கடைக்கே வந்து, தரையில் குப்புறப் படுத்தபடி ஒரு மணி நேரம் ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். ஒலிபெருக்கி வயரை மைதானம் வரைக்கும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். கைதட்டல் வழக்கத்தைவிட அதிகம்.

கடைக்காரர் சும்மா இருக்கவில்லை. அவள் தூங்கும்போது எடுத்துப் பார்த்தார், கனம் குறையவில்லை. சாமானை அவளே கொண்டுபோய் வண்டியில் வைக்கட்டும் என்றார். வைத்தாள், வண்டி கிளம்புமுன் திரும்ப எடுத்து வந்துவிட்டாள். ஆசை தீரட்டும், நாலு பொம்மை வாங்கிக் கொடுங்கள் என்று தெரு சொன்னது. வாங்கிக் கொடுத்தார். நாலும் இடம் பெயராத சாமான் பட்டியலில் சேர்ந்தன. பகிர்ந்து விளையாட வேண்டும் என்று பாடம் எடுத்தார். எந்தச் சாமானையும் கேட்காமல் எடுக்கிற மனிதர் எடுத்த பாடம் அது; அவள் காதில் வாங்காததில் எனக்கு வியப்பில்லை. பட்டை அடித்திருப்பதைக் காட்டி, பார், இது கடையுது என்றும் சொன்னார். பட்டை என்றால் என்ன என்பது மிளகுக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். பட்டை அடித்தது எதுவோ அது ஒரு நாள் வண்டியில் போகும்.

இந்த நிலையில் மனைவி மறுபடி கர்ப்பமானாள். வயிறு தெரியத் தொடங்கியதும் வீட்டில் ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. அதை இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் ஒரே பயம்தான். குழந்தை பிறந்த பிறகு மிளகைத் தனியாக அறைக்குள் விடவில்லை. தொட்டிலருகே அவள் வந்தால் அம்மா வேறு எதையாவது காட்டிப் பேச்சை மாற்றுவாள். கைக்குட்டையில் பொம்மை செய்வாள், ஜன்னலில் காக்கா என்பாள். மிளகை எதிரில் வைத்துக்கொண்டு "யாரோட தம்பி இது?" என்று கொஞ்ச வந்த உறவுக்காரி ஒருத்தியை வாயைப் பொத்தி வெளியே தள்ளியதில் அந்த உறவு அறுந்து, இன்னும் ஒட்டவில்லை. இப்படிச் சில வாரங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடின.

பிறகு கடைக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. உலகத்தில் வேறு எந்தத் தகப்பனுக்கும் வந்திருக்காது. புது நாற்காலிகளுக்குப் பட்டை அடித்துக்கொண்டிருந்தவர், தூரிகையும் கையுமாக மாடிக்குப் போனார். தரையில் விரித்த மெத்தையில் பிள்ளை படுத்திருந்தான். அவனுடைய இடது குதிகாலில் மெல்லியதாக ஒரு நீலப் பட்டை இழுத்தார். கடையுது என்று தெரிந்தால் மிளகு தன்னுடையது என்று சொல்ல மாட்டாள் என்பது கணக்கு. திரும்பிப் பார்த்தால் கதவருகே மிளகு நின்றிருந்தாள். அவள் முகம் வெளுத்துப் போயிற்று என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். அப்பாவின் கால்களுக்கு நடுவில் புகுந்து ஓடி, தம்பியின் நெஞ்சின் மேல் இரண்டு கையையும் வைத்து, தொண்டை கிழியக் கத்தினாள். "என்னுது! என்னுது!"

அப்பா ஒரே தாவில் பிள்ளையை வாரப் பார்த்தார். மலையை வாரியதுபோல இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீடு நடந்த விதத்தைச் சொன்னால் நம்பாதவர்கள் உண்டு, நாங்கள் பார்த்தவர்கள். பிள்ளை கையை ஆட்டுவான், காலை உதைப்பான், சிரிப்பான். தூக்கத்தான் முடியாது. அம்மா பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுத்தாள். ஈரத்துணி மாற்ற வேண்டுமானால் மிளகைக் கூப்பிட வேண்டும். அவள் வந்து தலையணையைத் தூக்குவதுபோல அவனை அனாயாசமாகத் தூக்கிப் பிடிக்க, அம்மா அடியில் துணியை உருவிப் புதிது போடுவாள். ஒரு நாள் ஆசையாக அவனை அம்மா மடியில் வைத்துவிட்டு மிளகு விளையாடப் போய்விட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, கருகி, பாத்திரம் தீய்ந்து வீடெல்லாம் புகை. எழுந்திருக்க முடியாமல் அம்மா கத்திய கத்தலில் பயில்வான் ஓடிவந்து அடுப்பை அணைத்தார். அன்றைக்கு இரவு அவள் கணவரிடம் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. பேசியபோது, "பிள்ளைக்குப் பெயின்ட் அடிச்ச ஆளு நீங்க" என்று மட்டும் சொன்னாள். மிளகோ அந்த நாட்களில் மிகவும் பொறுப்பாக இருந்தாள். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், போட்டது போட்டபடி ஓடிவந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

மழைக்காலத் தொடக்கத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. முதல் நாள் மருந்துக்கு அடங்கியது, அடுத்த நாள் அடங்கவில்லை. மூன்றாம் நாள் முற்பகலில் பால் குடிப்பதை நிறுத்திவிட்டான். டாக்டரம்மாவை வீட்டுக்கே அழைத்து வந்தார்கள். அவர் மண்டியிட்டு, குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். மூச்சிழுக்கும் ஒவ்வொரு தடவையும் விலா எலும்புக்கு நடுவில் தோல் குழிந்து உள்ளே போனதை எல்லோரும் பார்த்தார்கள்.

"இங்க வச்சுப் பார்க்க முடியாது. ஆக்சிஜன் வேணும். உடனே தூக்கிட்டு வாங்க" என்றார்.

யாரும் அசையாததைக் கண்டு தானே தூக்கப் போனார். முடியவில்லை. நிமிர்ந்து கையைப் பார்த்துக்கொண்டார், பிறகு சுற்றியிருந்தவர்களின் முகத்தைப் பார்த்தார். படித்தவர், விளக்கம் கேட்க இது நேரமில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "யாரால தூக்க முடியும்?" என்றார்.

எல்லோரும் மிளகைப் பார்த்தார்கள். மிளகு ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். வாசலில் கடை வண்டி பின்கதவு திறந்து நின்றது, பயில்வான் கதவைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார். அவ்வளவுதான். அவள் தம்பியின் மேல் கவிழ்ந்து படுத்துவிட்டாள்.

கடைக்காரர் கெஞ்சினார். பொம்மை, மிட்டாய், சைக்கிள், எது வேண்டுமானாலும் என்றார். கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையையே ஓங்கினார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு இன்னும் அழுத்திப் படுத்தாள். அடியிலிருந்து பிள்ளையின் மூச்சு, ஈரச்சாக்கை இழுக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு வந்தது. அவர் ஓங்கிய கையைக் கீழே போட்டார், பக்கத்தில் இருந்த சிவப்பு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அம்மா மகளின் முகத்தருகே குனிந்தாள். "ஏன்டா தங்கம்? ஏன் தர மாட்டேங்கிற?"

மூடிய கண்ணைத் திறக்காமலே மிளகு சொன்னாள். "பட்டை அடிச்சிட்டாங்க. வண்டி கொண்டு போயிடும்."

அந்த ஒரு பேச்சில் அந்தத் தாய்க்கு இரண்டு வருஷமும் புரிந்துபோயிற்று. அவள் புத்திசாலி. இல்லாவிட்டால் அந்த மனுஷனோடு குடித்தனம் நடத்தியிருக்க முடியாது. எழுந்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், அறையை விட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். டாக்டரம்மா பதறிப்போய், "நேரமில்லம்மா!" என்றார். வெளியிலிருந்து கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"கடையில யாருங்க?"

மிளகு தலையை நிமிர்த்தினாள். கடையில் அப்பாவின் நாற்காலிக்கு அடியில் உட்கார்ந்து ஆயிரம் தடவை கேட்ட குரல் அது, வாசலில் வந்து நிற்கிறவர்களின் குரல். அவள் எழுந்து உட்கார்ந்து கவுனை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வாங்க. என்ன வேணும்?"

அம்மா உள்ளே வந்து, அந்நிய மனுஷி மாதிரி வாசல் பக்கமே நின்றாள். "தம்பி வேணும்."

"எத்தனை?"

"ஒண்ணு போதும்."

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"எதுக்கு?"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். மேலுக்கு முடியல அவனுக்கு."

"எப்போ திருப்பித் தருவீங்க?"

அம்மா டாக்டரம்மாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். பிள்ளையின் உதட்டோரம் லேசாக நீலம் ஏறியிருந்தது.

"நல்லானதும்" என்றாள் அம்மா. "நானே கொண்டு வந்து, உங்க கையிலயே தருவேன்."

மிளகு யோசித்தாள். அவளுடைய அப்பா இப்படிப்பட்ட பதிலுக்கு ஒப்புக்கொள்கிறவர் இல்லை. ஆனால் சில பேர் முகத்தைப் பார்த்து அவரும் விட்டுக்கொடுத்ததுண்டு. "சரி. எதை வச்சிட்டுப் போறீங்க?"

அம்மா விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி நீட்டினாள். மிளகு அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பட்டை இல்லை. ஆனால் தம்பியைப் பார்த்தாள், மோதிரத்தைப் பார்த்தாள், தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "சாமானுக்கு ஏத்ததா இருக்கணும்."

அம்மா சுற்றிலும் பார்த்தாள். கட்டிலில் நீலப் பட்டை, மேஜையில் நீலப் பட்டை, கண்ணாடியில், விசிறியில், பீரோவில். இத்தனை வருஷம் குடித்தனம் செய்த வீட்டில் தன்னுடையது என்று எடுத்து வைக்க ஒன்றுமில்லை என்பது அவளுக்கு அன்று தெரிந்தது. பார்த்துக்கொண்டே வந்த கண், ஸ்டூலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆளின் மேல் வந்து நின்றது.

"இவரை வச்சிட்டுப் போறேன்" என்றாள்.

மிளகு எழுந்து போய் அப்பாவைச் சுற்றி வந்தாள். சட்டைக் காலரைத் தள்ளிக் கழுத்தைப் பார்த்தாள். உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். குனிந்து குதிகாலைப் பார்த்தாள். எங்கேயும் பட்டை இல்லை. அவருடைய முழங்காலில் இரண்டு தட்டு தட்டினாள். "இது இங்கயே இருக்கட்டும். நீங்க எடுத்துக்கோங்க."

அம்மா குனிந்தாள். பிள்ளை, காய்ந்த துணி போல அவள் கையில் வந்தான். அவ்வளவுதான், மாடிப்படி அதிரும் சத்தம், வண்டிக் கதவு சாத்தும் சத்தம். கடைக்காரர் பின்னாலேயே ஓட எழுந்தார். எழ முடியவில்லை. ஸ்டூல் தரையோடும் அவர் ஸ்டூலோடும் இருந்தார்கள்.

அவர் அப்படி எத்தனை நாள் உட்கார்ந்திருந்தார் என்பதில் தெருவில் இன்றைக்கும் தகராறு உண்டு. நகம் வளர்ந்தது, தாடி வந்தது, அந்த மழை விட்டு வெயில் வந்தது. கடை பூட்டிக் கிடந்தது. சாமான் வேண்டியவர்கள் மாடிக்கு வந்து விஷயத்தைக் கேட்டு, கையோடு அவரை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். குளியல் முதலிய காரியங்கள் எப்படி நடந்தன என்று கேட்பவர்களுக்கு: பயில்வான் இருந்தார், வாளி இருந்தது, அதற்கு மேல் சொல்வதற்கில்லை. சாப்பாடும் செய்தியும் பயில்வான்தான் கொண்டு வருவார். ஊசி போட்டிருக்கிறார்கள். மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். இன்னும் கண் திறக்கவில்லை. மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் கடைக்காரர் கண்ணை மூடிக்கொள்வார், சேதி இன்னதென்று காதில் விழுந்த பிறகுதான் திறப்பார்.

மிளகு அவரை மிகவும் மரியாதையாக வைத்திருந்தாள். தினம் காலையில் துணியால் அவர் முழங்காலையும் தோளையும் துடைப்பாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவர் மடியில் ஏறினால், "அது அவங்களோடது, தொடக் கூடாது" என்று விரட்டுவாள். ஒரு நாள் அவருக்குத் தொண்டை வறண்டு இருமல் வந்தபோது, யாராலும் தூக்க முடியாத தன் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "குடிச்சிட்டுக் குடு" என்று அவர் கையில் வைத்தாள். அவர் பயந்துகொண்டே பிடித்தார். கனமில்லை. குடித்துவிட்டுக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

செய்தி மோசமாக வந்த ஒரு மத்தியானம், மிளகு அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டாள். "அப்பா, திருப்பித் தரலன்னா என்ன பண்ணுவோம்?"

ஒற்றை ஷூவும் புல்லாங்குழலும் அவருக்கு ஞாபகம் வந்தன. சட்டம் அவர் போட்டதுதான். "வச்சிருப்போம்" என்றார். "எப்பவும் வச்சிருப்போம்." சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பெண்ணுக்கு முன்னால் தேம்பித் தேம்பி அழுதார். அவள் துணியை எடுத்து வந்து அவர் முகத்தைத் துடைத்தாள். துடைக்கும்போது அவளும் அழுதாள். அலமாரியில் இருக்கும் சாமானுக்கும் ஒருவர் வர வேண்டும் என்ற கவலை இருக்கும் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியதாம். பிற்பாடு ஏணிக்காரரைத் தேடி ஊர் ஊராக அலைந்தார், கிடைக்கவில்லை. அது வேறு கதை.

ஒரு காலை, செருப்புச் சத்தம் இல்லாமல் யாரோ படியேறினார்கள். கதவு திறந்துதான் இருந்தது. இருந்தும் தட்டினார்கள்.

"கடையில யாருங்க? வாங்கிட்டுப் போனதைத் திருப்பித் தர வந்திருக்கேன்."

அம்மா பாதியாக இளைத்திருந்தாள். மிளகு ஓடிவரவில்லை, கட்டிக்கொள்ளவில்லை, வேலை இருந்தது. தம்பியை வாங்கி மெத்தையில் கிடத்தினாள். நாற்காலி திரும்பி வந்தால் அப்பா எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தாள். கால் இரண்டும் ஆட்டிப் பார்த்தாள், விரல்களைத் தனித்தனியாக எண்ணினாள், வாயைத் திறந்து உள்ளே பார்த்தாள். அவன் அவள் மூக்கைப் பிடித்து இழுத்தான். கடைசியாகக் குதிகாலைத் திருப்பினாள்.

"பட்டையைக் காணோமே."

"ஆஸ்பத்திரியில தேய்ச்சுத் தேய்ச்சு அழிஞ்சுபோச்சுங்க."

மிளகு கொஞ்சம் யோசித்தாள். "பரவாயில்ல" என்றாள். பிறகு அப்பாவின் முழங்காலைத் தட்டினாள். "இதை எடுத்துட்டுப் போங்க."

அவர் எழுந்தார். கால் மரத்துப்போய்த் திரும்ப விழப் போனார், மனைவி பிடித்துக்கொண்டாள். பிள்ளைக்குப் பெயின்ட் அடித்த ஆளை அவள் அப்போதுதான் மன்னித்தாள் என்று நினைக்கிறேன். ஒரு வாரம் கழித்து அவர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு கட்டில், மேஜை, கண்ணாடிச் சட்டம் என்று மாடியில் இருந்த எல்லாப் பட்டையையும் தேய்த்து எடுத்தார்.

மிளகின் சாமான் மிளகினுடையதாகத்தான் இருந்தது, தம்பியும் சேர்த்து. ஆனால் கேட்டால் கொடுத்தாள். "மிளகு, தம்பியை எடுக்கட்டுமா?" "எடுத்துக்கோ. எப்போ தருவே?" என்பது அந்த வீட்டில் சாதாரணப் பேச்சானது. சொம்பு வந்தது, துடைப்பம் வந்தது, மைக் மைதானத்துக்குப் போனது. சிவப்பு ஸ்டூலை மட்டும் அவள் யாருக்கும் தரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. தெருவில்கூட அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. எங்கள் தெருக்காரர்கள் பக்கத்து வீட்டுச் செய்தித்தாளைக்கூடக் கேட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்து எங்களை ரொம்ப நாகரிகமானவர்கள் என்று நினைக்கிறார்கள்.

தம்பிக்குப் பேச்சு தாமதமாக வந்தது. வந்த அன்று, மிளகு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வாசலில் நின்றாள். அவன் தத்தித் தத்திப் போய் அவள் பின்னலைப் பிடித்துக்கொண்டு, "என்னுது" என்றான். மிளகு அடி எடுத்து வைத்தாள், கால் வாசலைத் தாண்டவில்லை. சமையலறையிலிருந்து அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "கேட்டுட்டுப் போ" என்றாள். கேட்டாள். ரிப்பனை ஈடாக வைத்தாள். அன்றிலிருந்து தினமும் ரிப்பன், ரப்பர், உடைந்த பென்சில் என்று ஏதாவது ஒன்றை அவன் கையில் வைத்துவிட்டுப் போவாள், மாலையில் வந்து மீட்டுக்கொள்வாள். அப்படியே வருஷங்கள் போயின. பயில்வானின் தலை நரைத்தது. கடைக்காரர் கடையில் உட்காருவதைக் குறைத்துக்கொண்டார்.

மிளகுக்குத் தூரத்து நகரத்தில் வேலை கிடைத்தது. போக ஒரு நாள், வர ஒரு நாள் ஆகும் தூரம். பெட்டியும் கையுமாக வாசலுக்கு வந்தபோது வழக்கம்போலக் கால் நகரவில்லை. தம்பி அப்போது அவளைவிட உயரம், மீசை அரும்பியிருந்தது, நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எப்போ திரும்பி வருவே?" என்றான்.

வேலைக்குப் போனவர்கள் எப்போது வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்.

"எதை வச்சிட்டுப் போறே?"

அவள் ரிப்பனைத் தேடவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். அந்தச் சிவப்பு ஸ்டூலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்து அவனிடம் நீட்டினாள். அவன் பயந்துகொண்டே ஒரு கையால் வாங்கினான். கனமில்லை. வாங்கியவன் கண்ணைத் துடைக்க இன்னொரு கை வேண்டியிருந்தது. அவள் வாசலைத் தாண்டினாள், பஸ் சரியான நேரத்துக்கு வந்தது.

ஸ்டூல் இப்போது கடை அலமாரியில், ஒற்றை ஷூவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடையைத் தம்பிதான் பார்த்துக்கொள்கிறான். தினமும் அதைத் துடைத்து வைக்கிறான். பயில்வான் வேலையை விட்டு நாளாயிற்று, ஆனாலும் அந்தப் பக்கம் வந்தால் உள்ளே நுழைந்து, ஸ்டூலில் ஒரு கை வைத்துத் தூக்கிப் பார்ப்பார். அசையாது. "சரி, வருவா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்.